வெள்ளைத் தாளும் மிஸ்டர் ஹாலோவேயின் பறவைகளும்

ஸ்பிரிங்வேல்,
மெல்பேர்ண்.
12.12.1976, ஞாயிறு

அன்புள்ள மகள் வதனிக்கு,

அப்பாவும் நானும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் சின்னவளும் சுகம் என்பதை உன் கடிதத்தில் கண்ட பிறகுதான் பேனையைக் கையில் எடுக்கிறேன், அதனால் இந்த முறை சுகம் கேட்பதற்குப் பதிலாகக் கடவுளுக்கு நன்றி சொல்லித் தொடங்குகிறேன். வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் வேலையால் வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அப்பா உன் கடிதத்தைப் பிரித்துக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியில் நின்றார். தூரத்திலிருந்தே “காய்ச்சல் விட்டுட்டுதாம், சாப்பிடுறாளாம்” என்று சத்தமாகச் சொன்னார், தக்காளிக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு இத்தாலிக்காரர் என்னவோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தார். சின்னவள் கிரிஜாவுக்கு மலேரியா என்று நீ எழுதிய நாளிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. இப்போது பப்பாசிப் பழம் கேட்டு அடம்பிடிக்கிறாள் என்று நீ எழுதியிருந்த இடத்தை அப்பா மூன்று தரம் வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைக் குளிசையை ஒரு கிழமைகூட விடாதே பிள்ளை, கைக்கிறது என்று துப்பினால் தேனில் குழைத்துக் கொடு, நுளம்பு வலையில் ஊசி போகிற ஓட்டை இருந்தாலும் அன்றைக்கே தைத்துவிடு. சாம்பியாவில் மருமகனுக்குப் பள்ளிக்கூடத்தில் இன்னும் இரண்டு வருடம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்பதும் நல்ல செய்தி, மருமகன் கேதீஸ்வரன் இனியாவது தலையிடிக்கு டொக்டரிடம் காட்டட்டும், கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும் என்று அப்பா சொல்கிறார்.

என்னைப் பற்றித்தான் நீ பயந்துபோய் எழுதியிருந்தாய். பயப்படாமல் என்ன செய்வாய், நான் போன மாதம் எழுதின கடிதம் அப்படி. “நான் ஒரு பிழை விட்டுட்டன், வேலை போகும் போலக் கிடக்கு, அதைவிடப் பெரிய கரைச்சல் ஒண்டும் இருக்கு, பிறகு எழுதுறன்” என்று மட்டும் எழுதி ஒட்டிவிட்டேன், இதை வாசித்தால் பிள்ளை என்ன பாடுபடும் என்று அந்த நேரம் எனக்கு யோசனை வரவில்லை. இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அதற்குப் பிறகு ஆறுதலாக வாசி. நீலக் கடித உறையில் இது அடங்காது என்பதால் தனித்தாளில் எழுதுகிறேன், முத்திரைக்குக் கூடத்தான் போகும், போகட்டும்.

இங்கே வந்து ஒன்றரை வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு ஒக்டோபர் முதல் கிழமை வேலைக்குச் சேர்ந்ததை எழுதியிருந்தேன். சிற்றியில் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஒழுங்கையில், படம் வரைகிறவர்களுக்குச் சாமான் விற்கிற கடை. வர்ணம், தூரிகை, கன்வஸ், தாள் என்று நிலத்திலிருந்து முகடு வரை அடுக்கியிருக்கும், மேல்தட்டு எட்டுவதற்கு ஏணி வேண்டும். கடைக்காரி மிஸ் கோரிகன், அறுபது வயதிருக்கும், கலியாணம் செய்யவில்லை, கடையைத் தகப்பனுக்குப் பிறகு தனியாக நடத்துகிறார். பேச்சு மிகக் குறைவு, காலை வணக்கத்தைக்கூடத் தலையால்தான் சொல்வார். ஊரில் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்தவள் என்று நான் சொன்னதை நம்பித்தான் என்னை எடுத்தார், ஆனால் மூன்று மாதம் வேலையைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளை மாதிரித்தான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனேன். என்ன கேட்டாலும் தெரியும் என்று சொல்ல வேண்டும் போல இருக்கும். அங்கேதான் பிழை தொடங்கியது.

மூன்றாம் கிழமை ஹொங்கொங்கிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே சீனத் தூரிகை ஓவியத்துக்கான தாள், இரண்டு கட்டு. இங்கே எல்லோரும் அதை அரிசித் தாள் என்கிறார்கள், அரிசிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று பிறகுதான் படித்தேன், ஒரு மரத்தின் பட்டையையும் வைக்கோலையும் ஊறவைத்து இடித்துச் செய்கிறார்களாம். இரண்டு கட்டிலும் சீன எழுத்துத்தான், கூட வந்த சீட்டில் இரண்டு வகை என்று மட்டும் இருந்தது. எங்கள் ஸ்பிரிங்வேல் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் சீன ஓவிய வகுப்பு நடத்துகிற மிஸிஸ் யாப் என்ற மலேசியச் சீனப் பெண்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தவர். ஒரு வகை பழகுவதற்கு, மற்றது டிசம்பரில் வைக்கப்போகும் கண்காட்சிக்குரிய நல்ல தாள். ஆனால் பெட்டி வந்த நேரம் அவர் இங்கே இல்லை, தாயாருக்குச் சுகமில்லை என்று ஈப்போவுக்குப் போயிருந்தார். அவருக்குப் பதிலாகத் தாளை எடுக்க வந்தவர் அந்த வகுப்பில் படிக்கிற மிஸ்டர் ஹாலோவே. முப்பது வருடம் டிராம் ஓட்டி இளைப்பாறியவர். உயரமான மனிதர், பழைய டிராம் கோட்டுத்தான் போட்டிருந்தார், கடைக்குள் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். என் பெயரைக் கேட்டு நாகேஸ்வரி என்று சொல்ல நாலு தரம் முயன்று பார்த்துவிட்டு, தன் நாக்குக்கு அவ்வளவு வளைவு தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு கட்டையும் மேசையில் வைத்தேன். இதில் எது நல்லது என்று கேட்டார். நான் இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு மை விட்டுப் பார்த்தேன், என் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் பரவியது. ஒன்று பளிச்சென்ற வெள்ளை, மாசு மறு இல்லை, தடவினால் வழுவழு என்று இருக்கிறது. மற்றது கொஞ்சம் பழுப்பு, வெளிச்சத்தில் பிடித்தால் கோடு கோடாகத் தெரிகிறது, அங்கங்கே பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறது. நான் யோசித்துக்கொண்டு நிற்க, அவர் “நீங்கள் அந்தப் பக்கத்து ஆள்தானே, உங்களுக்குத் தெரியாமல் வேற ஆருக்குத் தெரியப்போகுது” என்றார். சீனாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் எவ்வளவு தூரம் என்று நான் சொல்லியிருக்கலாம். மிஸிஸ் யாப் வரும்வரை பொறுங்கள் என்று சொல்லியிருக்கலாம். மிஸ் கோரிகன் ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் வெள்ளைத் தாளில் கையை வைத்து, இதுதான் நல்லது என்று சொன்னேன். அவர் சந்தோசமாக அந்தக் கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார், பழுப்புக் கட்டு கடையிலேயே நின்றது.

நாலு கிழமை அதை நினைக்கவேயில்லை. வெட்டி மிஞ்சிய தாள்துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோக மிஸ் கோரிகன் விடுவார், அப்படி இரண்டு வகையிலும் துண்டுகள் கொண்டுவந்து வைத்திருந்தேன். நவம்பர் நடுவில் ஒரு புதன்கிழமை பின்னேரம் கோதுமை மாப் பசை காய்ச்சி அதை ஒட்டிப் பார்ப்போம் என்று குசினியில் உட்கார்ந்தேன். கடையில் உள்ள ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன், சீன ஓவியத்தை வரைந்தபடி தூக்க முடியாதாம், மை பட்ட இடமெல்லாம் தாள் சுருங்கி நிற்கும், அதனால் படத்தைக் கவிழ்த்து வைத்து முதுகுப்பக்கம் முழுவதையும் நனைத்து இன்னொரு தாளைப் பசையால் ஒட்டுவார்களாம், அப்போதுதான் சுருக்கம் போய் மை எழும்பித் தெரியுமாம். பழுப்புத் துண்டை நனைத்தேன், நனைந்த வேட்டித்துணி மாதிரிக் கையோடு வந்தது, தூக்கினேன், உதறினேன், ஒன்றும் ஆகவில்லை, கிழித்துப் பார்த்தால் கிழிந்த ஓரத்தில் தலைமயிர் மாதிரி நீள நீளமாக நார். வெள்ளைத் துண்டை நனைத்துத் தூக்கினேன், பாலில் ஊறின பாண் மாதிரி விரலிலேயே பிட்டுக்கொண்டு போனது. இன்னொரு துண்டை எடுத்தேன், அதுவும் அப்படித்தான். வதனி, அந்த நேரம் என் கையில் இருந்த பசை காயும்வரை நான் அசையாமல் இருந்தேன். பழகுகிற தாளைக் கண்காட்சிக்கென்று கொடுத்து அனுப்பியிருக்கிறேன், பன்னிரண்டு பேர் ஒரு மாதமாக அதில் வரைந்துகொண்டிருக்கிறார்கள், வரைகிறவரைக்கும் ஒன்றும் தெரியாது, ஒட்டுவதற்கு நனைக்கிற அன்றைக்குத்தான் எல்லாம் கூழாகப் போகும். அப்பா வேலையால் வந்ததும் காட்டினேன். அவரும் யோசித்தார். அடுத்த நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன்.

சனிக்கிழமை காலை அப்பா காரில் கூட்டிக்கொண்டு போனார். வகுப்பு தொடங்க முன்பே சொல்லிவிட வேண்டும் என்று போனால் எங்களுக்கு முதலே எல்லோரும் வந்திருந்தார்கள், ஒருவரும் தூரிகையைத் தொடவில்லை, மண்டபம் செத்தவீடு மாதிரி இருந்தது. அது செத்தவீடுதான். மிஸ்டர் ஹாலோவே செவ்வாய்க்கிழமை காலமாகிவிட்டார். தோட்டத்தில் நின்றவர் அப்படியே விழுந்தாராம், நெஞ்சு நோ. அவருடைய மனைவி டொரத்தி முன்வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மூன்று நாளுக்கு முதல்தான் ஈப்போவிலிருந்து வந்திறங்கிய மிஸிஸ் யாப், குட்டையான மெலிந்த பெண், ஒரு படத்தை ஜன்னலோடு பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டது. இது என்ன தாள், ஆர் வாங்கினது என்று கேட்டார். பின்னால் இருந்த ஒருவர் மெல்லிய குரலில், ஆர்தர் ஹாலோவேதான் வாங்கி வந்தவர் என்றார். இன்னொரு பெண், பாவம், அவருக்கு எப்போதும் மலிவாகப் பார்த்து வாங்குகிற பழக்கம் என்று சொன்னார், கெட்ட மனதோடு சொல்லவில்லை, ஆனால் சொன்னார். மிஸிஸ் ஹாலோவே தலையைக் குனிந்துகொண்டு, “நான் அவருக்கு நல்லதாப் பாத்து வாங்கச் சொல்லித்தானே அனுப்பினனான்” என்று மெல்லச் சொன்னார். பிள்ளை, என் பிழையைத் தூக்கி அந்த மனிதரோடு புதைக்க ஒருவருக்கும் ஒரு நிமிடம் ஆகவில்லை. நான் ஒரு சத்தமும் போடாமல் திரும்பி வந்திருந்தால் அது அங்கேயே தங்கியிருக்கும். என் இங்கிலிஷ் அந்த நேரம் பாதி போய்விட்டது. இல்லை, அவர் நல்லது எது என்று கேட்டார், நான்தான் தெரியாமல் தெரியும் என்று சொல்லி இதைக் கொடுத்தேன், அவரில் பிழை இல்லை என்று சொன்னேன். ஒருதரம் சொன்னது போதாது போல இருந்தது, மிஸிஸ் ஹாலோவேயின் முன்னால் போய் நின்று இன்னொருதரம் சொன்னேன்.

மிஸிஸ் யாப் என்னைப் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது, எழுதினாலும் பாதி மலாய். தெரியாது என்ற ஒரு சொல்லுக்கு என்ன விலை, அதை ஏன் வாயில் பூட்டி வைத்தாய் என்று கேட்டார். மற்றவர்களுக்கு மூன்று கிழமை இருக்கிறது, நல்ல தாளில் திரும்ப வரையலாம், கை பழகிவிட்டதால் இரண்டாவது நன்றாகவே வரும் என்று அவரே சொன்னார். பிறகு சுவரைக் காட்டினார். அங்கே மிஸ்டர் ஹாலோவேயின் படம் குத்தியிருந்தது. மக்பை என்று இங்கே ஒரு பறவை, கறுப்பும் வெள்ளையும், காகத்தைவிடக் கொஞ்சம் சிறியது, விடியற்காலையில் புல்லாங்குழல் ஊதுவது போலக் கூப்பிடும். இரண்டு மக்பை ஒரு யூகலிப்டஸ் கொப்பில் இருக்கின்றன. ஒன்று எங்களைப் பார்க்கிறது, மற்றது எதையோ கேட்பது போலத் தலையைச் சரித்திருக்கிறது. கறுப்பை ஒரே இழுப்பில் போட்டிருக்கிறார், முதுகின் வெள்ளைக்குத் தாளைச் சும்மா விட்டிருக்கிறார். நான் பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும் எனக்கு வராத துணிவு அது. வீட்டில் வேறு படங்கள் இருக்கிறதா என்று மிஸிஸ் யாப் கேட்டார். மிஸிஸ் ஹாலோவே இல்லை என்று தலையாட்டினார், அவர் மனதுக்குப் பிடிக்காத எல்லாவற்றையும் பின்வளவில் குப்பை எரிக்கிற அடுப்பில் போட்டுவிடுவாராம், இருபது முப்பது மக்பை அப்படிப் போயிருக்குமாம், இது ஒன்றுக்குத்தான் தன் பெயர் முத்திரையைக் குத்தினாராம். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, இதைத் தூக்க முடியுமா முடியாதா என்று மட்டும் கேட்டார். நான் மிஸிஸ் யாப்பைப் பார்த்தேன். அவர் படத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். நனைத்தால் போய்விடும், நனைக்காமல் ஒரு வழி இருக்கிறது, நான் இரண்டு தரம்தான் செய்திருக்கிறேன், ஒருதரம் சரிவந்தது, ஒருதரம் வரவில்லை என்றார். மிஸிஸ் ஹாலோவே, அப்படியென்றால் செய்யுங்கள், சுருட்டி அலுமாரிக்குள் வைத்தால் மட்டும் தனக்கு அவர் திரும்பவா வரப்போகிறார் என்று சொன்னார்.

திங்கட்கிழமை மிஸ் கோரிகனிடம் போய்ச் சொன்னேன். வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்து, என் கோப்பையையும் சீலைக்கு மேல் போடுகிற ஏப்ரனையும் பையில் வைத்துவிட்டுத்தான் சொன்னேன். முழுவதையும் கேட்டார். பிறகு, தானும் அன்று ஏணியில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததாகவும், தனக்கும் தெரியாததால் நான் சொன்னதை நம்பிக்கொண்டு இருந்ததாகவும், கடை தன் பெயரில் இருக்கிறபடியால் அந்தப் பிழையில் பாதி தன்னுடையது என்றும் சொன்னார். நல்ல தாளை அன்றைக்கே வகுப்புக்கு அனுப்பினார். அதோடு, மிஸிஸ் யாப்பிடம் போய்ப் படித்துக்கொண்டு வா, உனக்குத் தெரியும் என்று இன்னொருதரம் தெரியாமல் சொன்னால் அன்றைக்குக் கோப்பையைப் பையில் வை என்றார். நான் கோப்பையைப் பையில் வைத்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, இருபத்தெட்டாம் திகதி, கிளேய்ட்டனில் மிஸிஸ் யாப் வீட்டுக் கராஜில் படத்தை ஒட்டினோம். அவர் தனியாகச் செய்ய முடியாது, மற்ற நுனியைப் பிடிக்க ஒருவர் வேண்டும், பிழை விட்டவளே வந்து பிடிக்கட்டும் என்று என்னைக் கூப்பிட்டார். கோதுமை மாவைக் குழைத்துத் தண்ணீரில் கழுவிக் கழுவிப் பிசினை எடுத்துவிட்டு, அடியில் தங்கின மாவைக் காய்ச்சி நான் பசை கொண்டுபோனேன். மிஸிஸ் யாப் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத் தூரிகையை எடுத்தார், அது பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். வழமையாகப் படத்தில்தான் பசை பூசுவது. இதற்கு அப்படியில்லை, முதுகில் ஒட்டப்போகிற நல்ல தாளில் பசையைப் பூசி, அதன்மேல் பழைய பத்திரிகையை வைத்து ஒற்றி ஒற்றி ஈரம் முழுவதையும் எடுத்து, கையில் பிடித்தால் ஈரம் இருக்கிறதோ இல்லையோ என்று சந்தேகம் வருகிற அளவில், கவிழ்த்து வைத்த காய்ந்த படத்தின் மேல் வலப்பக்கத்திலிருந்து மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவர் தும்புத் தூரிகையால் நீவிக்கொண்டு வர, நான் மற்ற நுனியைத் தோள் உயரத்தில் பிடித்துக்கொண்டு அவர் நீவுகிற வேகத்துக்கு இறக்க வேண்டும். கையை ஆட்டாதே, மூச்சை விடாதே என்கிறார். நடுவில் தாளுக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழ் பிடித்துவிட்டது, சரியாகப் பறவையின் வாலடியில். இழுத்தால் கிழியும், விட்டால் காய்ந்ததும் வீங்கி நிற்கும். அவர் தூரிகையை வைத்துவிட்டுத் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து முதுகுத்தாளில் மட்டும் ஒரு துளை போட்டு விரலால் காற்றை வெளியே தள்ளினார். அது போனது. பிறகு ஓரங்களில் பசை தடவி, சுவரில் சாய்த்து வைத்திருந்த ஒரு பழைய கதவில் நாலு பக்கமும் பிடிக்கிற மாதிரி ஒட்டிவிட்டோம், அப்படியே காய்ந்தால் இறுகிச் சமனாக நிற்குமாம்.

கஷ்டம் முடிந்தது என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு வடகாற்று எழும்பியது. இங்கத்தைய வடகாற்று உனக்குத் தெரியாது பிள்ளை, உள்நாட்டு வனாந்தரத்திலிருந்து வருகிறது, அடுப்பு வாயைத் திறந்துவிட்ட மாதிரி, கொடியில் போட்ட உடுப்பு கால் மணித்தியாலத்தில் முறுகிவிடும். கதவில் ஒட்டின தாள் ஆறுதலாக இரண்டு நாள் காய வேண்டும், கெதியாகக் காய்ந்தால் இழுவிசையில் நடுவால் வெடிக்கும், இந்தத் தாளுக்கு அதைத் தாங்குகிற பலம் இல்லை. கராஜின் கதவிடுக்குகளில் துவாயை நனைத்துச் செருகினோம், வீட்டிலிருந்த கட்டில் விரிப்பெல்லாம் நனைத்துப் படத்தைச் சுற்றிக் கயிறு கட்டித் தொங்கவிட்டோம், என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நின்ற அப்பா வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து சீமெந்து நிலத்தில் ஊற்றினார். விரிப்புக் காயக் காய நனைக்க வேண்டும். ஒரு மணிக்கு மிஸிஸ் ஹாலோவே சாண்ட்விச் கட்டிக்கொண்டு பார்க்க வந்தவர், நாங்கள் நின்ற கோலத்தைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு வாளியை எடுத்தார். ஒருதரம் படத்தில் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது, நாலு பேரும் அப்படியே நின்றோம், பார்த்தால் மேல் ஓரத்தில் இரண்டு அங்குலம் கதவை விட்டுக் கழன்றிருந்தது, படம் கிழியவில்லை. மிஸிஸ் யாப் ஈப்போவில் தன் பக்கத்து வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடம் சின்ன வயதில் படித்த தமிழில் என்னைப் பார்த்து “பயம் இல்லே, பயம் இல்லே” என்றார், சொல்லிக்கொண்டே கழன்ற ஓரத்தில் பசை தடவித் திரும்ப ஒட்டினார். பின்னேரம் ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்பு காற்று நின்றது. ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை, பிறகு தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது, பத்து நிமிடத்துக்குள் மேலெல்லாம் குளிர்ந்து மழைத்தூறலும் விழுந்தது. மிஸிஸ் ஹாலோவே கராஜ் வாசலில் போய் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் மூன்று பெண்களும் நனைந்த கோழிகள் மாதிரி நின்று சிரித்தோம், எதற்கென்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் மிஸிஸ் யாப் மூங்கில் கத்தியை ஓரத்தில் செருகிச் சுற்றிவர அறுத்துக் கழற்றினார். நான் வேலை முடிந்து நேரே அங்கே போயிருந்தேன். ஒரு சுருக்கம் இல்லை. கறுப்பு இன்னும் கறுப்பாக எழும்பியிருந்தது. கீழ் மூலையில் ஒரு கடுகளவு தாள் போய்விட்டது, அதை அவர் வெட்டி எடுத்துவிட்டார், பார்த்தால் தெரியாது. என்னிடம் இரண்டு கைகளாலும் தந்து வெளிச்சத்தில் பிடிக்கச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் இரண்டு கிழமையாக என் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது, மகள். அன்று வீட்டுக்கு வந்து முழுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நேற்றுக் கண்காட்சி. மண்டபம் நிறையச் சனம். மற்றவர்களின் படங்களும் நல்ல தாளில் வடிவாக வந்திருந்தன, மையின் ஓரத்தில் பஞ்சு மாதிரி விரிகிற மென்மை அந்தத் தாளில்தான் வரும் என்று இப்போது என் கண்ணுக்கும் தெரிகிறது. மிஸ்டர் ஹாலோவேயோடு டிராமில் வேலை செய்த ஏழு எட்டுப் பேர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் படம் வரைகிறார் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாதாம், கேலி செய்வார்கள் என்று சொல்லாமல் மறைத்திருக்கிறார். அதில் ஒரு பருத்த கிழவர் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றுவிட்டு, அந்தத் தலை சரித்த பறவை ஆர்தரேதான், டிராம் மணி அடித்தால் இப்படித்தான் காது கொடுப்பான் என்றார். மிஸிஸ் ஹாலோவே அந்த ஆளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், பிறகு என்னைக் கூப்பிட்டு, “இவதான் தாள் குடுத்தவ, ஒட்டினவவும் இவதான்” என்று எல்லோருக்கும் சொல்லி வைத்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

இனிமேல் சனிக்கிழமைகளில் நானும் அந்த வகுப்புக்குப் போகிறேன். தாளின் கரடுப் பக்கம் எது, வரைகிற பக்கம் எது, மை ஊறாமல் இருக்கப் படிகாரம் ஏற்றினது எது, ஏற்றாதது எது என்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு கையால் சொல்லப் பழக்குகிறார் மிஸிஸ் யாப். பத்துக்கு ஆறு சரி வருகிறது. மிச்சம் நாலுக்குத் தெரியாது என்று சொல்கிறேன், ஒருவரும் ஒன்றும் நினைக்கவில்லை. நீயும் அங்கே டொக்டர்மாரிடம் கதைக்கும்போது விளங்காததை விளங்கின மாதிரித் தலையாட்டாமல் திருப்பிக் கேள் பிள்ளை, பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்து விசயம்.

கிரிஜாவுக்கு உடம்பு தேறி வளர்த்தி வைக்க வேண்டும், நீயும் மருமகனும் ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழ வேண்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உங்களோடு இருக்கும். மறக்காமல் ஒன்று செய். சின்னவளின் பாதத்தை ஒரு தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றிவரக் கோடு இழுத்து அனுப்பு, இங்கே நல்ல சப்பாத்து வாங்கி அனுப்ப வேண்டும், இரண்டு காலையும் தனித்தனியாக இழு. அதற்கு எந்தத் தாள் என்றாலும் பரவாயில்லை.

இப்படிக்கு
உன் அன்பு அம்மா,
க. நாகேஸ்வரி

வதனி,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லித் தந்தபோது வாசித்தேன். அம்மா ஒரு விசயத்தை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார். அந்தப் புதன்கிழமை நான் யோசித்ததாக எழுதியிருப்பது உண்மையில்லை. பேசாமல் இரு, ஒருத்தருக்கும் தெரியவராது, வேலையைப் பார் என்று சொன்னேன். மூன்று நாளும் அதையே சொன்னேன். சனிக்கிழமை காலை எனக்கு ஒன்றும் சொல்லாமல் சீலை உடுத்து, பஸ்ஸுக்கென்று படி இறங்கிவிட்டார், அதன் பிறகுதான் நான் கார்த் திறப்பை எடுத்தேன். மண்டபத்தில் அந்த மனிதர் மேல் பழி விழுந்தபோது நான் கதவடியில் நின்றேன், அம்மா முன்னால் நடந்து போனார். எனக்காக இதை எழுதாமல் விட்டிருக்கிறார், நீ இதை அறியாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. மருமகனுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டும்போது இதையும் சேர்த்து வாசி.

அப்பா,
வே. கதிர்காமநாதன்